மனநல மாத்திரை கடையில் இல்லை என்றால் எப்படித் தேடி வாங்குவது

அரூரில் மெடிக்கல் ஷாப் நடத்துகிறேன். பி.ஃபார்ம் படித்த மருந்தாளுநர். எங்கள் பக்கம் மனநல மருத்துவரைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து சீட்டு கொண்டு வருவார்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சேலத்துத் தனியார் டாக்டர்கள், பெங்களூரில் உள்ள மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிமான்ஸ். எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூஆக்செட்டின் மாதிரி வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகள் எந்தக் கடையிலும் கிடைத்துவிடும். அவை கேட்காதபோது டாக்டர் எழுதும் அடுத்த வரிசை மருந்துகளில்தான் அலைச்சல் ஆரம்பிக்கிறது. குளோமிப்ரமைன், வென்லாஃபாக்சின், பியூப்ரோபியான், வோர்ட்டியாக்செட்டின், அகோமெலட்டின், கூடவே சேர்த்துக் கொடுக்கும் லித்தியம்.

சித்தேரி மலையிலிருந்து ஒரு அம்மா பஸ் பிடித்து வந்து கடை கடையாக ஏறி இறங்குவார். எல்லாரும் கை விரிப்பார்கள். "சரி, மாத்திரை வந்ததும் குடுக்கலாம்" என்று ஊர் திரும்பிவிடுவார். அந்த இடைவெளியில்தான் தேறிக்கொண்டிருந்த பிள்ளை மறுபடி படுத்துவிடுகிறது. மருந்து பலன் தராமல் சிகிச்சை தோற்பது வேறு. மருந்து கைக்கு வந்து சேராமல் தோற்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான். நோயாளியின் வீட்டாருக்கும், பக்கத்து வீட்டில் இருந்து உதவுகிறவர்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில், ஏன் இல்லை என்று கேளுங்கள்

சின்ன ஊர் கடைக்காரர் எது ஓடுமோ அதைத்தான் வாங்கி வைப்பார். ஒரே ஒரு நோயாளிக்காக வாங்கிய மருந்து, அவர் வராமல் போனால் காலாவதியாகிக் கிடக்கும். மனநல டாக்டரே இல்லாத ஊருக்கு மனநல மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி, அதாவது ரெப், வருவதில்லை. ரெப் வராத மருந்தைக் கடைக்காரருக்குத் தெரியாது. ஆகவே அவர் "இல்லை" என்றால், பெரும்பாலும் "என் கடையில் இல்லை" என்றுதான் அர்த்தம். நாட்டிலேயே இல்லை என்று அர்த்தமில்லை.

அதனால் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க கடையில இல்லையா, ஸ்டாக்கிஸ்ட்கிட்டயே இல்லையா, கம்பெனியே நிறுத்திட்டாங்களா?" ஸ்டாக்கிஸ்ட் என்பவர் கடைகளுக்கு மொத்தமாக மருந்து தருபவர். மூன்றுக்கும் வழி வேறு வேறு. முதலாவது ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். இரண்டாவதற்குச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஃபோன் போட வேண்டும். மூன்றாவது என்றால் கடைகளில் தேடி நேரத்தை விடாதீர்கள், நேரே டாக்டரிடம் போங்கள். இதைக் கேட்காமல் அடுத்த கடைக்கு நடப்பதில்தான் பாதி நாள் வீணாகிறது.

சீட்டில் நான்கு விஷயம்

சீட்டில் டாக்டர் எழுதுவது அநேகமாகக் கம்பெனி வைத்த பெயர். அந்தப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்பார். ஆனால் உள்ளே இருக்கும் மருந்து வேறு பத்துப் பெயர்களில் அதே அலமாரியில் இருக்கலாம். கடைக்காரர்கள் இதைக் கன்டென்ட் என்போம். பழைய அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும்.

ஒரு தாளில் நான்கை எழுதிக்கொள்ளுங்கள்: கன்டென்ட் பெயர், எத்தனை மில்லிகிராம், பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகள், ஒரு நாளைக்கு எத்தனை. மூன்றாவதை நிறைய பேர் விட்டுவிடுவார்கள். எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். என்று இருக்குமே, அதைச் சொல்கிறேன். மருந்து வயிற்றில் மெதுவாகக் கரைந்து இறங்கும்படி செய்யப்பட்டது என்று பொருள். வென்லாஃபாக்சின் எக்ஸ்.ஆர். கேப்சூல் நாளைக்கு ஒன்று. அதே வென்லாஃபாக்சின் சாதா மாத்திரை என்றால் நாளைக்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். "அதே மருந்துதான்" என்று ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்கிவிட்டால் கணக்கே மாறிவிடும். பியூப்ரோபியானில் இது இன்னும் ஆபத்து. எஸ்.ஆர். மாத்திரையை உடைத்தோ பொடித்தோ கொடுத்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கும், வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். 300 கிடைக்கவில்லை, 150 இருக்கிறது என்றால் இரண்டு வாங்கலாமா என்பதையும் டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

சீட்டையும் பழைய அட்டையின் இரண்டு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டையை வெட்டும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பகுதி கடைசி வரை மிஞ்சும்படி மறுபக்கத்திலிருந்து வெட்டுங்கள். வெறும் இரண்டு மாத்திரைத் துண்டை நீட்டி "இது வேணும்" என்றால் எங்களால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

வேறு கம்பெனி மாத்திரை தரலாமா

இதில் சட்டம் ஒன்று இருக்கிறது, தெரிந்துகொண்டால் கடைக்காரரோடு சண்டை வராது. மனச்சோர்வு மருந்துகள் ஷெட்யூல் எச் பட்டியலில் வருபவை. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது. அதோடு, 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65-ஆம் விதிப்படி, சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தன் இஷ்டத்துக்குத் தர முடியாது. கன்டென்ட் ஒன்றாகவே இருந்தாலும் முடியாது. மறுபடி மறுபடி வாங்கலாம் என்று டாக்டர் எழுதாத சீட்டுக்கு ஒரு தடவைக்கு மேலும் தரக்கூடாது. "போன மாசம் குடுத்தீங்களே" என்று கோபப்படுபவர்களை எனக்குப் புரிகிறது, ஆனால் மறுக்கும் கடைக்காரர் சட்டப்படிதான் நடக்கிறார்.

இதற்கு வழி டாக்டர் அறையிலேயே இருக்கிறது. வெளியே வருவதற்கு முன் இரண்டு விஷயம் கேளுங்கள். "சார், நாங்க அரூர்ல இருக்கோம், இந்தப் பேர்ல அங்க கிடைக்காது. உள்ள இருக்கற மருந்துப் பேரையே எழுதிக் குடுங்க." அப்புறம், "எத்தனை மாசத்துக்கு இதே சீட்டுல வாங்கலாம்னு எழுதிடுங்க." நான் பார்த்த வரை, கேட்டால் எழுதிக் கொடுக்காத டாக்டர் அபூர்வம். கேட்கத் தயங்குவதுதான் நம் பக்கம் வழக்கமாக இருக்கிறது. நிமான்ஸ் சீட்டு கர்நாடகச் சீட்டு, இங்கே செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதிவு பெற்ற டாக்டரின் சீட்டு நாடு முழுக்கச் செல்லும்.

சீட்டில் கம்பெனி வைத்த பெயர் மட்டும் இருந்து, அது கிடைக்கவில்லை என்றால், அதே கன்டென்ட் உள்ள மாற்று எது கிடைக்கிறது என்று கடையில் கேட்டு, அதை டாக்டருக்குச் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். மத்திய அரசின் விலை ஆணையம் வெளியிட்டிருக்கும் ஃபார்மா சஹி தாம் என்ற செயலியில் ஒரு மருந்தைத் தேடினால் அதே கன்டென்ட்டில் உள்ள மற்ற கம்பெனிப் பெயர்களும் விலையும் வரும். டாக்டரிடம் பேசும்போது கையில் அந்தப் பட்டியல் இருந்தால் வேலை சுலபம்.

லித்தியம் மட்டும் தனி. உடம்பில் அதன் அளவு கொஞ்சம் கூடினாலும் விஷமாகும், கொஞ்சம் குறைந்தாலும் பலனிருக்காது. கம்பெனி மாறினாலோ, எஸ்.ஆர். இல்லாமல் சாதா மாத்திரைக்கு மாறினாலோ, சில நாள் கழித்து ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்கச் சொல்வார் டாக்டர். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். வெயில் காலத்தில் காட்டு வேலை, செங்கல் சூளை வேலை செய்து வியர்வையில் தண்ணீர் வற்றினாலும் லித்தியம் ஏறும். உடம்பு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாத்திரைகளும் அதை ஏற்றிவிடும். கை அதிகமாக நடுங்குவது, வாந்தி, பேதி, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது என்று எது தெரிந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

யாருக்கு ஃபோன் செய்வது

என் வரிசை இதுதான். முதலில் சீட்டு எழுதிய டாக்டரின் கிளினிக்கை ஒட்டியிருக்கும் மெடிக்கல். அந்த டாக்டர் என்ன எழுதுகிறாரோ அதை அவர்கள் கட்டாயம் வைத்திருப்பார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போதே அந்தக் கடையின் நம்பரை வாங்கி வையுங்கள். "ஊர்ல போய் வாங்கிக்கலாம்" என்று வெறும் கையோடு பஸ் ஏறாதீர்கள்.

அடுத்து உங்கள் ஊர் கடை. தருமபுரி, சேலம் ஸ்டாக்கிஸ்ட்களிடம் தினமும் ஆர்டர் போடுகிறோம். ஒரு அட்டைக்காகத் தனியாக ஆர்டர் போடக் கடைக்காரர் யோசிப்பது, நீங்கள் திரும்பி வருவீர்களோ மாட்டீர்களோ என்பதால்தான். "மாசா மாசம் எனக்கு மூணு அட்டை வேணும், அட்வான்ஸ் குடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே மாறும். உங்கள் நம்பரையும் எழுதிக் கொடுங்கள்.

அங்கேயும் இல்லை என்றால் அந்தக் கம்பெனியின் மனநலப் பிரிவு ரெப். உங்கள் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் இருப்பவரிடம் கேட்டால் ரெப் நம்பர் கிடைக்கும். எந்த ஊர் ஸ்டாக்கிஸ்ட்டிடம் எத்தனை பெட்டி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கம்பெனி அந்த மருந்தை நிறுத்தப் போகிறதா, அல்லது சரக்கு வரத் தாமதமா என்பதும் பெரும்பாலும் அவருக்குத்தான் முதலில் தெரியும். மருந்துப் பெட்டியில் அச்சடித்திருக்கும் வாடிக்கையாளர் சேவை நம்பரும் இருக்கிறது. நிறைய பேர் அதைப் பார்ப்பதே இல்லை.

ஃபோனில் சுற்றி வளைக்க வேண்டாம். "குளோமிப்ரமைன் 75 எஸ்.ஆர்., முப்பது மாத்திரை வேணும், எந்தக் கம்பெனி இருக்கு, காலாவதி எப்ப?" இவ்வளவு போதும். யாருக்கு, என்ன நோய் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

வெளியூரிலிருந்து வருவதற்கு நம் மாவட்டத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் பிள்ளைகளில் பாதிப் பேர் பெங்களூரிலோ ஓசூரிலோதான் வேலை பார்க்கிறார்கள். வாரக் கடைசியில் ஊருக்கு வரும் ஒருவரிடம் சீட்டின் நகலையும் பணத்தையும் அனுப்பினால் வாங்கி வந்துவிடுவார். பில்லோடு, அட்டையோடு வாங்கி வரச் சொல்லுங்கள். இணையக் கடையில் வாங்கினால், சீட்டே கேட்காமல் அனுப்புகிறேன் என்று சொல்லும் இடத்தைத் தொடாதீர்கள். சீட்டு கேட்காதவர் மருந்து உரிமத்தையும் மதிக்காதவராகத்தான் இருப்பார்.

அரசு ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியது

2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 18-ஆம் பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அமிட்ரிப்டிலின், எஸ்சிட்டலோப்ராம், ஃப்ளூஆக்செட்டின், லித்தியம் எல்லாம் உண்டு. இது உரிமை, கெஞ்சிக் கேட்கும் சலுகை இல்லை. மருந்து கொடுக்கும் ஜன்னலில் இல்லை என்றால் அங்கேயே திரும்பிவிடாமல் மனநலப் பிரிவு டாக்டரிடமே போய்ச் சொல்லுங்கள். அவர் இருப்பில் உள்ள வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று பார்ப்பார், அல்லது வரவழைக்க எழுதுவார். மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு எந்தக் கிழமை வருகிறது என்பதையும் அங்கேயே கேட்டு வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் தன்னார்வலர் பிரஷர், சுகர் மாத்திரையோடு வீட்டுக்கு வரும்போது, இந்த வீட்டில் மனநல மருந்தும் தேவை என்று அவர் காதிலும் போட்டு வையுங்கள்.

மக்கள் மருந்தகத்தில் வழக்கமானவை மலிவாகக் கிடைக்கும். அரிய மருந்துக்கு அதை நம்பி நாள் கடத்த வேண்டாம்.

தீர்வதற்குள் தொடங்குங்கள்

பத்து நாளுக்கு மருந்து கையில் இருக்கும்போதே தேட ஆரம்பியுங்கள். கடைசி மாத்திரை அன்று கிளம்பினால் மேலே சொன்ன எந்த வழியும் உதவாது.

வென்லாஃபாக்சின், பராக்செட்டின் போன்றவை உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுபவை. ஒன்றிரண்டு நாள் விட்டாலே தலை சுற்றல், குமட்டல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடிப்பது மாதிரி உணர்வு வரும். பயந்துபோய் "நோய் முத்திவிட்டது" என்று நினைப்பார்கள். மருந்து நின்றதால் வருவது அது. ஃப்ளூஆக்செட்டின் உடம்பில் நீண்ட நாள் தங்கும், அதனால் விட்டது உடனே தெரியாது. அதற்காக விடலாம் என்று இல்லை. எது தீரப் போகிறது என்றாலும் டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள். மெதுவாகக் குறைப்பதா, தற்காலிகமாக வேறு கொடுப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். பக்கத்து வீட்டில் வேறொருவர் சாப்பிடும் மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்.

டாக்டர் கிடைக்காத ராத்திரியில் 14416-க்கு அடியுங்கள். டெலிமானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். நம் மாநிலத்தின் மருத்துவ உதவி எண் 104-உம் இருக்கிறது. சாகலாம் போலிருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னாலும் மாத்திரைத் தேடலை அப்படியே விட்டுவிட்டு அவரைத் தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

இன்னொன்று இதோடு சேர்ந்தது. கிடைக்காத மருந்து கிடைத்ததும் மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்கத் தோன்றும். அமிட்ரிப்டிலின், குளோமிப்ரமைன், டோசுலெபின், லித்தியம் எல்லாம் மொத்தமாக விழுங்கினால் உயிரைப் பறிப்பவை. மனம் உடைந்திருப்பவர் வீட்டில் அவ்வளவும் அவர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. வாங்கியதை வீட்டில் ஒருவர் பூட்டி வைத்து, ஒரு வாரத்துக்கு மட்டும் வெளியே எடுக்கட்டும். அதைவிட நல்லது, மீதியைக் கடையிலேயே உங்கள் பெயரில் எடுத்து வைக்கச் சொல்வது. நான் அப்படிச் சிலருக்கு வைத்திருக்கிறேன்.

நாட்டிலேயே இல்லாதது என்றால்

ஃபெனல்சின் மாதிரிச் சில பழைய மனச்சோர்வு மருந்துகள் என் கவுண்டருக்கு வந்ததே இல்லை. 1950-களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியசிட் நோயாளிகளின் மனநிலையைத் தூக்கிவிட்டதைக் கவனித்ததிலிருந்து பிறந்த வகை அது. வேறெதுவும் கேட்காத சிலருக்கு அது கேட்கும். பழசு, மலிவு, உபயோகிப்பவர் குறைவு என்பதால் வெளிநாடுகளிலேயே அடிக்கடி தட்டுப்பாடு.

சட்டப்படி வரவழைக்க வழி இருக்கிறது. மருந்து விதிகளின் 36-ஆம் விதி, சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவு இறக்குமதியை அனுமதிக்கிறது. பயணி தன் பெட்டியில் கொண்டு வந்தால் ஒரு மருந்து 100 சராசரி வேளைக்கு மேல் போகக்கூடாது. தபாலிலோ கூரியரிலோ வரவழைக்க, 12ஏ படிவத்தில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு விண்ணப்பித்து 12பி அனுமதி வாங்க வேண்டும். சுகம் என்ற அவர்களின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். டாக்டர் சீட்டும் அடையாள அட்டையும் தேவை. இங்குள்ள எந்த மருந்தும் பலன் தரவில்லை என்று டாக்டர் ஒரு கடிதம் தந்தால் வலுவாக இருக்கும். அனுமதி கைக்கு வந்த பிறகு மருந்துக்குப் பணம் கட்டுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஃபெனல்சின் வகை மருந்து வீட்டுக்கு வந்தால் சமையலறையும் மாற வேண்டும். கருவாடு, ஃப்ரைட் ரைஸ் கடையில் ஊற்றும் சோயா சாஸ், பழைய சீஸ், ஒயின், பீர் எல்லாம் தவிர்க்க வேண்டியவை, ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். இருமல் மருந்தில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான், சளி மாத்திரையில் உள்ள ஃபினைலெஃப்ரின், வலிக்குத் தரும் டிரமடால் எதுவும் கூடாது. வேறு மனச்சோர்வு மாத்திரையிலிருந்து இதற்கு மாறப் பொதுவாக இரண்டு வார இடைவெளி வேண்டும், ஃப்ளூஆக்செட்டினிலிருந்து என்றால் ஐந்து வாரம். எந்தக் கடைக்குப் போனாலும் இந்த மருந்தின் பெயர் எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும்.

மூக்கில் அடிக்கும் எஸ்கெட்டமைன் என்ற மனச்சோர்வு மருந்து பற்றி வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு வந்து கேட்கிறார்கள். அமெரிக்காவில் 2019-இல் அனுமதி பெற்றது. அங்கேயே வீட்டுக்குக் கொடுப்பதில்லை, மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ அடித்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்காரவைத்துக் கவனிக்கிறார்கள். எந்த மெடிக்கலிலும் வாங்கும் பொருளாக அதை நினைக்க வேண்டாம், மனநல டாக்டரிடம் மட்டும் பேசுங்கள்.

கடைசியாக, என்னைப் போலச் சின்ன ஊரில் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு. மனநல சீட்டை வாங்கியதும் மருந்தின் பெயரைக் கடை முழுக்கக் கேட்கும்படி கத்தாதீர்கள். "இது பைத்தியத்துக்குக் குடுக்கறது" என்று எங்கள் பக்கத்து ஊரில் ஒரு கடையில் சொல்லப் போய், அந்தத் தங்கச்சி அதோடு மருந்தையே விட்டுவிட்டது. சீட்டைப் பாருங்கள், கன்டென்ட்டைத் தேடுங்கள். இல்லை என்றால் அவர் நம்பரை வாங்கிக்கொண்டு ஸ்டாக்கிஸ்ட்டுக்கு நீங்களே ஃபோன் போடுங்கள். எங்கே இருக்கிறது என்று தெரிந்ததும் அவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அது உங்கள் கடையாக இல்லாவிட்டாலும்.